கடைக் கொப்பியும் வரலாறும்

களுபோவில ஆஸ்பத்திரி வீதிக்கு அண்மையில், நாம் நாள்தோறும் பாடசாலைக்குச் செல்லும் வழியில், ஒரு சிறு பலசரக்குக் கடை இருந்தது. அதன் முதலாளி வடபுலத்துத் தீவொன்றிலிருந்து இளம் பராயத்தில் கொழும்புக்கு வந்தவர். அவர் காலமான பின்னர் பிள்ளைகள் கடையை மூடினர். கடையைத் துப்புரவாக்கிய நாளன்று மூத்த மகன் எம்மை அழைத்து, சணல் நூலால் கட்டிய பழைய கொப்பிகள் நான்கை எமது கையில் வைத்தார். "மாஸ்ரர், இதுகளை எரிக்க மனம் வரேல்லை. உங்களுக்குப் பிரயோசனப்படும் எண்டால் வைச்சிருங்கோ" என்றார்.

அவை கடன் கொப்பிகள். பக்கத்துக்கு ஒரு வீடு. ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் ஒரு பெயர். பெயர் தெரியாத இடத்தில் ஓர் அடையாளம். 'நர்ஸ் நோனா', 'கராஜ் மாத்தயா', 'சந்தி வீட்டு ஆச்சி', 'பள்ளிவாசல் நானா' என்று தமிழெழுத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அதன் கீழே பாண், சீனி, பருப்பு, தேயிலை, சவர்க்காரம், மண்ணெண்ணெய் என்று நாளும் தொகையுமாக வரிசை நீள்கிறது. மாத முடிவில் கணக்குத் தீர்ந்ததும் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு கிழிக்கப்படும். பெரும்பாலான பக்கங்களில் அக்கோடு உண்டு. சில பக்கங்களில் இல்லை.

அக்கொப்பிகளை நாம் வகுப்புக்குக் கொண்டு சென்றோம். பத்தாம் வகுப்பு மாணவர்கள் ஆவலோடு புரட்டிப் பார்த்தார்கள். ஒரு மாணவி கேட்டாள்: "சேர், இது வரலாற்றுப் புத்தகத்திலை எத்தனையாம் பாடத்திலை வருது?" நாம் விடை கூற இயலாது நின்றோம். தேசாதிபதிகளின் பெயர்களை ஒப்புவிக்கக் கற்ற எமது பிள்ளைகளுக்கு, தம் பெற்றோருக்கு அரிசி அளந்து கொடுத்தவனின் வரலாற்றைச் சொல்லும் பாடம் ஒன்றில்லை. அந்த மாணவிக்கு அன்று நாம் கூறாத விடையே இக்கட்டுரை.

சொற்கள் சொல்லும் சாட்சி

களுபோவில, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ஆகிய மூன்று ஊர்ப் பெயர்களும் சிங்களத்தில் பிறந்து தமிழ் நாவிலே உருமாறியவை. களுபோவில என்பதில் கருமையும் அரசமரமும் நீர்தேங்கும் வில்லும் உள்ளன. வெள்ளவத்தை மணல் தோட்டம். இதற்கு மறுதலையாக, சிங்கள மக்கள் நாள்தோறும் வழங்கும் 'கடே', 'முதலாளி', 'சல்லி' என்னும் சொற்கள் தமிழிலிருந்து சென்றவை. மரக்கறி உணவுச்சாலையைச் சிங்களவர் இன்றும் 'சைவர் கடே' என்றே அழைக்கின்றனர். தோசையையும் வடையையும் அவர்கள் மொழிபெயர்க்க முயலவில்லை, உண்டு பழகிவிட்டார்கள்.

இச்சொற்களை எந்த அரசாங்கமும் சட்டமியற்றிப் புகுத்தவில்லை. வாங்குபவனும் விற்பவனும் ஒரு பலகைக்கு இருபுறமும் நின்று பேசிய பேச்சு அவற்றைக் கொண்டு சேர்த்தது. ஆயினும் சொல் கலந்த இடத்தில் மனமும் முற்றாகக் கலந்துவிட்டது என்று நாம் மயங்கலாகாது. 'முதலாளி' என்ற சொல்லிலே மரியாதையும் உண்டு, பகைமையும் உண்டு. அப்பகைமையின் வேர் எங்கே இருக்கிறது என்பதைக் காண வேண்டுமானால், 'தமிழ் வியாபாரி' என்று ஒரே சொல்லால் குறிக்கப்படுபவர்களை வர்க்க அடிப்படையில் பிரித்துப் பார்த்தல் அவசியம்.

செட்டியார் தெரு

கொட்டாஞ்சேனைக்குத் தெற்கே, புறக்கோட்டையை ஒட்டிக் கிடக்கும் தெருவை ஆங்கிலேயர் கடற்தெரு என்றனர். தமிழர் செட்டியார் தெரு என்றனர். இன்று அது தங்க நகைக் கடைகளின் தெரு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அது செட்டிநாட்டு நகரத்தாரின் வட்டிக்கடைத் தெருவாக விளங்கியது. முதலில் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாகப் பிரிட்டிஷ் மூலதனம் மலைநாட்டை விழுங்கிய காலம் அது. ஐரோப்பிய வங்கிகள் சுதேசிகளுக்கு நேரடியாகக் கடன் கொடுப்பதில்லை. அவை செட்டியார்களுக்குக் கொடுத்தன. செட்டியார்கள் கூடிய வட்டிக்கு உள்ளூர் வியாபாரிக்கும் தென்னந்தோட்டக்காரனுக்கும் கொடுத்தனர். ஏகாதிபத்தியத்தின் பெருங்கால்வாயிலிருந்து சிறு வாய்க்கால்களுக்கு நீர் பாய்ச்சும் மடையாகச் செட்டியார் தெரு இயங்கிற்று எனலாம்.

அக்கடைகளின் உள்ளமைப்பும் நோக்கத்தக்கது. ஊரிலிருக்கும் உரிமையாளன் சார்பில் ஒரு மேலாள், அவருக்கடுத்து அடுத்தாள், இவர்களுக்கெல்லாம் கீழே பெட்டியடிப் பையன். வீட்டை விட்டுக் கடல் கடந்து வந்து, குறித்த தவணை முடியும்வரை தொழில் பழகி, கணக்குச் சுத்தமாக ஒப்படைத்தே ஊர் திரும்ப வேண்டும். ஆகவே 'செட்டியார்' என்று ஊரார் சுட்டிய மனிதன் பல வேளைகளில் உரிமையாளனே அல்லன். அவன் சம்பளத்துக்கு உழைத்த ஓர் ஊழியன்.

1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் இந்த அமைப்பின் நடுமுதுகை முறித்தது. கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாதவர்களின் ஈட்டுக் காணிகள் செட்டியார்களின் கைக்கு வந்தன. காணியிழந்தவனின் கோபம், கடனுக்குப் பின்னால் நின்ற ஐரோப்பிய வங்கியின் மீது பாயவில்லை. வங்கியின் முகம் அவனுக்குத் தெரியாது. தெரிந்த முகம் திருநீறு பூசிய முகமே. 1934இல் சேர் சொராப்ஜி பொச்கானவாலாவின் தலைமையில் வங்கி ஆணைக்குழு கூடியது. அதன் விளைவாக 1939இல் இலங்கை வங்கி தோன்றியது. சுதேசிக்குக் கடன் கொடுக்கும் பொறுப்பை அரசு ஏற்கவேண்டும் என்பது நியாயமான கோரிக்கையே. ஆனால் அக்கோரிக்கையோடு ஓர் இனப் பகையும் வளர்க்கப்பட்டது என்பதை மறைத்தல் தகாது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டமும், இந்திய வியாபாரிகளையும் அவர்களின் சிப்பந்திகளையும் தற்காலிக வதிவிட அனுமதிக்குள் நிறுத்திய குடிவரவுச் சட்டமும் செட்டியார் தெருவின் பழைய உலகத்தைப் படிப்படியாக முடித்து வைத்தன.

சுருட்டுக்கடையும் தபால் வண்டியும்

யாழ்ப்பாணத்து வியாபாரியின் கதை வேறு. அவனிடம் செட்டியாரின் மூலதனம் இல்லை. செம்மண்ணில் விளைந்த புகையிலையும் அதைச் சுருட்டும் கைகளும் இருந்தன. தென்னிலங்கையின் சந்திகள்தோறும் சுருட்டுக்கடை தோன்றியது. சுருட்டோடு வெற்றிலை பாக்கும், பின்பு பலசரக்கும் சேர்ந்தன. 1905ஆம் ஆண்டு புகையிரதப் பாதை காங்கேசன்துறை வரை நிறைவுற்றதும் வடக்குக்கும் கொழும்புக்குமிடையே ஓரிரவுத் தூரமே எஞ்சியது. உத்தியோகம் தேடிப் புறப்பட்ட ஆங்கிலம் கற்றவர்களைப் பற்றி நாம் நிறைய எழுதியிருக்கிறோம். அதே வண்டியில், தகரப் பெட்டியோடு, கடைக்குப் பழக அனுப்பப்பட்ட சிறுவர்களைப் பற்றி எழுதியவர் சிலரே.

காரைநகரும் புங்குடுதீவும் ஏனைய தீவுகளும் இச்சிறுவர்களை மிகுதியாக அனுப்பின. அதற்குக் காரணம் தீவாரின் பிறவிக் குணம் அன்று. உவர் நீரும் குறைந்த விளைநிலமுமே. தாய்மாமனோ ஒன்றுவிட்ட அண்ணனோ நடத்தும் கடையில் அவன் சேர்வான். விடியுமுன் எழுந்து கதவுப் பலகைகளைக் கழற்றுவான், கூட்டுவான், சாமிப் படத்துக்கு விளக்கேற்றுவான், இரவு கடை சாத்திய பின் அரிசி மூட்டைகளுக்கிடையே பாயை விரிப்பான். சம்பளம் பல ஆண்டுகளுக்கு அவன் கைக்கு வராது; "ஊருக்கு அனுப்பியாச்சு" என்ற சொல்லே வரும். உறவு என்னும் பட்டுத்துணியால் போர்த்தப்பட்ட உழைப்புச் சுரண்டல் இது. இதனைக் கூறுவதால் அம்மாமன்மாரின் அன்பை நாம் மறுப்பதாகாது. அன்பும் சுரண்டலும் ஒரே கூரையின் கீழ் ஒரே பாத்திரத்தில் உண்டன என்பதே உண்மை.

அவன் அனுப்பிய மணியோடர்களால் ஊரிலே கல்வீடுகள் எழுந்தன. சகோதரிகளின் சீதனம் சேர்ந்தது. கோயில்களுக்குக் கோபுரம் உயர்ந்தது. பாடசாலைகள் கூரை வேய்ந்தன. மனைவி ஊரில், கணவன் கடையில். வருடத்துக்கு ஓரிருமுறை காணும் இல்லறம். ஒரு கடையின் ஐந்தொகையில் இந்தப் பெண்களின் தனிமை எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டது? வரவிலும் இல்லை, செலவிலும் இல்லை.

சாதியை மறந்தாலும் கணக்குப் பிழைக்கும். முதலாளி தன் ஊரவனையும் தன் சாதியானையுமே கடைக்கு எடுத்தான். யாழ்ப்பாணத்திலோ தேநீர்க் கடையின் முன்பலகையில் அமரவும் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு உரிமை இருக்கவில்லை. அவர்களுக்குத் தனிப் பாத்திரம். 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பின்னும் அப்பாத்திரங்கள் மறையவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் தேதி சுன்னாகத்தில் புறப்பட்ட ஊர்வலமும் அதைத் தொடர்ந்த தேநீர்க் கடைப் பிரவேசப் போராட்டங்களும் இரத்தம் சிந்தியே அப்பலகையில் இடம் பெற்றன. கொழும்பின் சனத்திரள் சாதியைக் கேட்க நேரமின்றி ஓடியது. அது பலருக்கு ஓர் ஆறுதல். ஆயினும் கடையின் உள்ளறையில் பழைய ஊர் அப்படியே உட்கார்ந்திருந்தது.

பசியும் பழியும்

கடைக்காரன் மீது மக்கள் கோபம் திருப்பப்பட்ட வரலாறு நீண்டது. 1915ஆம் ஆண்டு மே மாத இறுதியில் கண்டியிலே, பள்ளிவாசலைக் கடந்து செல்லும் ஊர்வலம் பற்றிய தகராறில் மூண்ட கலவரம், சில நாட்களில் கொழும்பு வரை பரவியது. தாக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த கரையோரச் சோனகரான சிறு வியாபாரிகள். உலக யுத்தத்தால் பண்டங்களின் விலை ஏறியிருந்தது. பண்டத்தை விற்றவன் கண்முன்னே நின்றான். விலையை ஏற்றியவன் எங்கோ இருந்தான். வரலாற்றாசிரியை குமாரி ஜயவர்த்தன இக்கலவரத்தின் பொருளாதார அடித்தளத்தை விரிவாக ஆராய்ந்துள்ளார். ஆங்கிலேய அரசு இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்து, சிங்களத் தலைவர்களைச் சிறையிட்டு, துப்பாக்கியால் பதில் சொன்னது. அன்று சட்டசபையில் அத்தலைவர்களுக்காகப் பொன்னம்பலம் இராமநாதன் வாதாடினார். ஆனால் எரிந்த கடைகளின் சிறு வியாபாரிகளுக்காக வாதாடத் தலைவர்கள் அவ்வளவாக இருக்கவில்லை.

இதற்கு எதிரான ஒரு மரபும் எமது நகரத்தில் உண்டு. 1933இல் வெள்ளவத்தை நெசவாலையில் வேலைநிறுத்தம் நடந்தபோது, மலையாளத் தொழிலாளரும் சிங்களத் தொழிலாளரும் ஒன்றாக நின்றனர். பழைய தொழிலாளர் தலைவர் ஏ. ஈ. குணசிங்க அவர்களைக் கைவிட்டார். இளைஞரான கொல்வின் ஆர். டி சில்வா அவர்களோடு சேர்ந்தார். 1935இல் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றுவதற்கு முன்னர் நடந்த முக்கியமான போராட்டங்களுள் இதுவும் ஒன்று. வேலைநிறுத்தத்தின் இரண்டாம் வாரத்திலே கொள்கையைவிட அரிசியே பேசும் என்பது தொழிற்சங்கத்தவர் அனைவரும் அறிந்தது. அந்நேரத்தில் கொப்பியை மூடாத கடைக்காரன், தான் அறியாமலே வர்க்கப் போராட்டத்தின் ஒரு பங்காளி ஆகிறான்.

1942 ஏப்ரல் 5ஆம் தேதி, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பின் மீது குண்டு வீசின. பலர் நகரைவிட்டு ஓடினர், கடைகள் மூடப்பட்டன. ஜப்பானியர் கைப்பற்றிய பர்மாவிலிருந்து அரிசி வருவது நின்றது. பங்கீட்டு முறை வந்தது. கூட்டுறவுக் கடைகள் ஆயிரக்கணக்கில் எழுந்தன. தனியார் கடைக்கு மாற்றாக மக்களே நடத்தும் கடை இயலும் என்பதை அந்த ஆண்டுகள் காட்டின. எம்போன்றோர் அக்கூட்டுறவு மரபை இன்றும் மதிக்கிறோம். அதன் வீழ்ச்சிக்கு அரசியல் நியமனங்களும் ஊழலும் காரணமாயின, அக்கொள்கை அன்று.

பின்னர் 1953. அரிசியின் விலை படி 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவு நிறுத்தப்பட்டது. புகையிரத, தபால் கட்டணங்கள் கூட்டப்பட்டன. ஓகஸ்ட் 12ஆம் தேதி இடதுசாரிகளின் அழைப்பில் ஹர்த்தால் நடந்தது. ஹர்த்தால் என்ற சொல் குஜராத்தியிலிருந்து வந்தது. கடைக்குப் பூட்டு என்பதே அதன் மூலப்பொருள். தொழிலாளி ஆயுதத்தைக் கீழே வைப்பதும் கடைக்காரன் கதவைச் சாத்துவதும் ஒரே செயலின் இரு கைகள் என்பதை அச்சொல்லே சொல்கிறது. அமைச்சரவை துறைமுகத்தில் நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் கூடியது. மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டு மாதங்களில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். இந்நாட்டின் உழைக்கும் மக்கள் இனபேதமின்றித் தம் பலத்தை உணர்ந்த நாள் ஒன்று உண்டாயின், அது அதுவே.

அடுத்த ஆண்டிலேயே, 1954இன் கடை, காரியாலய ஊழியர் சட்டம் வந்தது. நாளுக்கு எட்டு மணிநேரம், வாரத்துக்கு நாற்பத்தைந்து, வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறை, ஆண்டு விடுமுறை. அரிசி மூட்டைகளுக்கிடையே உறங்கிய சிறுவனைச் சட்டம் ஒரு தொழிலாளி என்று அழைத்தது. பெரிய நிறுவனங்களில் பாலா தம்பு தலைமையிலான வணிகத் தொழிற்சங்கம் அவ்வுரிமைகளுக்குக் காவல் நின்றது. மாமனின் கடையிலோ சட்டப் புத்தகம் உள்ளே நுழைய நெடுங்காலம் பிடித்தது.

தீ

1956இல் தனிச் சிங்களச் சட்டம், 1958இல் கலவரம், 1977 ஓகஸ்டில் மீண்டும் கலவரம். ஒவ்வொரு தடவையும் கடைகள் உடைந்தன. ஒவ்வொரு தடவையும் கடைக்காரன் சிலநாள் ஊரிலே இருந்துவிட்டுத் திரும்பினான். கதவுப் பலகைகளைப் புதுப்பித்தான். பழைய கொப்பியைத் திறந்தான். கடனைத் தாமாகவே கொண்டுவந்து கொடுத்த சிங்கள அயலவரைப் பற்றி எமது முதியோர் இன்றும் பேசுகின்றனர்.

1983 இவற்றிலிருந்து வேறுபட்டது. ஜூலை 23ஆம் தேதி இரவு திருநெல்வேலியில் பதின்மூன்று படையினர் கொல்லப்பட்டனர். 24ஆம் தேதி இரவு பொரளையில் தீ தொடங்கியது. 25ஆம் தேதி, திங்கட்கிழமை, புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை, தெகிவளை எங்கும் புகை எழுந்தது. வந்தவர்களின் கைகளில் வாக்காளர் இடாப்புகள் இருந்தன. எந்தக் கடை எவருடையது, எந்தக் கட்டடத்தின் உரிமையாளன் சிங்களவன், உள்ளிருக்கும் பண்டம் மட்டும் எவனுடையது என்பதெல்லாம் முன்னரே அறியப்பட்டிருந்தது. ஒரு கும்பலின் திடீர்க் கோபம் இவ்வளவு ஒழுங்காக முகவரி பார்ப்பதில்லை. ஏறத்தாழ 5000 கடைகள் அழிந்தன என்று பொதுவாகக் கணிக்கப்படுகிறது. உயிரிழந்தோர் நானூறு முதல் மூவாயிரம் வரை என்று மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. இறந்தவரை எண்ணிப் பார்க்கவும் ஒரு நாடு மறுத்துவிட்டது என்பதற்கு அவ்வேறுபாடே சான்று.

பெரிய முதலாளிகளும் தப்பவில்லை. கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிந்தது. அங்கே சாம்பலானவற்றில் பெரும்பகுதி சிங்களத் திரைப்படங்களின் மூலச் சுருள்கள். தமிழனின் சொத்தை எரிக்கச் சென்றவர்கள் சிங்களக் கலையின் நினைவை எரித்தார்கள். ஏ. வை. எஸ். ஞானத்தின் நெசவாலை முதலிய தொழிற்சாலைகள் எரிந்தபோது அடுத்த நாள் வேலையிழந்தவர்களில் எத்தனையோ பேர் சிங்களத் தொழிலாளர். தீக்கு இனம் தெரியும் என்று நம்பியவர்கள் அது பரவும் விதத்தை அறியாதவர்கள்.

ஏன் 1983? சமூகவியலாளர் நியூட்டன் குணசிங்க 1984இல் எழுதிய கட்டுரை எமக்கு ஒரு திறவுகோலைத் தருகிறது. 1977க்கு முன்னர், அரசு கட்டுப்படுத்திய பொருளாதாரத்தில் அனுமதிப்பத்திரமும் கோட்டாவும் அரசியல் செல்வாக்கின் வழியே கிடைத்தன. அதனால் சிங்கள நடுத்தர முயற்சியாளர் ஒரு பகுதியினர் வளர்ந்தனர். திறந்த பொருளாதாரம் அப்பாதுகாப்பை நீக்கியது. வாணிபத்தில் ஏற்கெனவே தொடர்புகள் கொண்டிருந்த தமிழரும் முஸ்லிம்களும் ஓரளவு முன்னேறினர். அதே வேளை நகரத்து ஏழைகளின் மானியங்கள் வெட்டப்பட்டன. மேலே போட்டி; கீழே பசி. இவ்விரண்டையும் இனவாதம் ஒரே திசைக்குத் திருப்பியது. ஜூலை 28ஆம் தேதி நாட்டு மக்களுக்கு உரையாற்றிய ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தன பாதிக்கப்பட்டோருக்கு ஓர் அனுதாபச் சொல்லும் கூறவில்லை. மாறாகக் கம்யூனிஸ்ட் கட்சி, நவ சமசமாஜக் கட்சி, மக்கள் விடுதலை முன்னணி ஆகியவற்றைப் பழி சுமத்தித் தடை செய்தார். கடையும் எரிந்தது, அதை இனவெறி என்று கூறத் துணிந்த கட்சிகளின் வாயும் கட்டப்பட்டது.

எரிந்த சொத்துக்கள் அவசரகால விதிகளின் கீழ் அரசின் வசமாயின. அவற்றை மீளப் பெறுவதற்கு உரிமையாளர் ஓர் அதிகார சபையின் வாசலில் பத்திரங்களோடு நிற்க வேண்டியதாயிற்று. பத்திரம் உள்ளவன் நின்றான். கடையிலே உறங்கியவனிடம் என்ன பத்திரம் இருந்தது? அவன் அகதிக் கப்பலேறிக் காங்கேசன்துறை சென்றான். அவர்களிற் சிலர் கடல் கடந்து பாரிஸுக்கும் லண்டனுக்கும் ரொறொன்ரோவுக்கும் போயினர். அங்கே மீண்டும் ஒரு சிறுகடையின் பின்பலகையிலிருந்து வாழ்வைத் தொடங்கினர். 2004 ஜூலையில் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க அரசின் பெயரால் மன்னிப்புக் கோரினார். இருபத்தோராண்டுகள் பிந்திய அச்சொல்லை நாம் சிறிதாக மதிக்கவில்லை; போதுமானது என்றும் கருதவில்லை.

அறிவு விற்ற கடைகள்

வியாபாரம் அனைத்தும் இலாபத்துக்கே என்று கூறுவோருக்கு இரண்டு கடைகளை நினைவூட்டுவோம். இடதுசாரிச் சிந்தனையுடைய ஆர். ஆர். பூபாலசிங்கம் யாழ்ப்பாணத்தில் நடத்திய புத்தகசாலை, 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த நாட்களில் எரிந்தது. அப்பெயரிலே பின்னர் செட்டியார் தெருவிலும் வெள்ளவத்தையிலும் புத்தகசாலைகள் நடந்தன; கொழும்புத் தமிழ் மாணவரில் அவற்றின் படியேறாதவர் குறைவு. மற்றையது யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் இருந்த ஒரு சிகையலங்கார நிலையம். அங்கே தொழில் செய்த டொமினிக் ஜீவா, 1966இல் 'மல்லிகை' இதழைத் தொடங்கினார். வாடிக்கையாளர் அமரும் வாங்கிலே எழுத்தாளர்கள் அமர்ந்தனர். சாதியின் பெயரால் இழிவுபடுத்தப்பட்ட தொழிலொன்றின் கூடம் இலக்கியத்தின் கூடமாயிற்று. போர்க்காலத்தில் 'மல்லிகை' கொழும்புக்கு இடம்பெயர்ந்து, செட்டியார் தெருவுக்கு அண்மையில் உள்ள ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து வெளிவந்தது. ஜீவா 2021இல் மறைந்தார்.

இன்று

1983ஆம் ஆண்டு இன்னொரு காரியமும் நடந்தது. அதே ஆண்டில், கொழும்பு ஸ்ரேப்பிள் வீதியில், கார்கில்ஸ் நிறுவனம் தன் முதலாவது சுப்பர் மார்க்கெட்டைத் திறந்தது. இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆயினும் சிறு கடைகள் ஆயிரக்கணக்கில் எரிந்த ஆண்டும், பெருமூலதனம் சில்லறை வாணிபத்தில் புதுவடிவில் காலடி வைத்த ஆண்டும் ஒன்றாக அமைந்தமை, பின்வந்த நாற்பது ஆண்டுகளின் போக்கை விளங்கிக்கொள்ள உதவும்.

தீக்குப் பின்னும் வெள்ளவத்தை மீண்டெழுந்தது. போரினால் வடக்கிலிருந்து பெயர்ந்தோர் அங்கே குடியேறினர். தொலைபேசி நிலையங்களும் நகைக்கடைகளும் விடுதிகளும் பெருகின. சோதனைகளுக்கும் பதிவுகளுக்குமிடையே வாணிபம் நடந்தது. 2007 ஜூன் 7ஆம் தேதி விடுதிகளில் தங்கியிருந்த 300க்கு மேற்பட்ட தமிழரைப் பொலிசார் பஸ்களில் ஏற்றிக் கொழும்பிலிருந்து வெளியேற்றினர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. 2009இல் போர் முடிந்தது. 2014இல் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் சென்றது.

ஆனால் சிறு கடையின் கணக்கு நிமிரவில்லை. 2022இன் நெருக்கடியில் கொழும்பின் விலைவாசி ஓராண்டுக்குள் ஏறத்தாழ 70 வீதம் உயர்ந்தது. பால்மாவும் எரிவாயுவும் மண்ணெண்ணெயும் மறைந்தன. காலையில் விற்ற விலைக்கு மாலையில் கொள்முதல் செய்ய முடியாத நாட்கள் அவை. அவ்வேளை சுப்பர் மார்க்கெட்டின் இயந்திரம் காசோ அட்டையோ இல்லாதவனைத் திருப்பி அனுப்பியது. சந்திக் கடைக்காரன் கொப்பியை எடுத்தான். எம்மிடம் உள்ள நான்கு கொப்பிகளில் இறுதிக் கொப்பி அவ்வாண்டைச் சேர்ந்தது. அதில்தான் கோடு கிழிக்கப்படாத பக்கங்கள் மிகுதி.

கடைக்காரன் தெய்வமல்லன், நிறையில் குறைத்தவனும் பதுக்கியவனும் பையனை அடித்தவனும் அவர்களுள் இருந்தனர். அவன் பகைவனுமல்லன், அவன் வாங்கிய விலையை அவன் நிர்ணயிக்கவில்லை. இனவாதி அவனை அயலவனின் எதிரியாகக் காட்டினான். எமது பக்கத்துப் பழம்பெருமையாளனோ அவனை இனத்தின் மாவீரனாக்கி, அவனிடம் உழைத்தவனின் கண்ணீரை மறைத்தான். இவ்விரு பொய்களுக்கும் நடுவே, பக்கத்துக்கு ஒரு வீடாக எழுதப்பட்ட கொப்பி கிடக்கிறது. மூவின மக்களும் ஒரே பருப்பை ஒரே விலைக்கு ஒரே கடனில் உண்டார்கள் என்பதற்கு எழுத்து மூலமான சான்று அது.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒன்று கூறுவோம். உங்கள் பாடசாலை வாசலிலும் ஒரு பழைய கடை இருக்கும். மாணவரை அங்கே அனுப்புங்கள். எந்த ஊரிலிருந்து வந்தார், யாரிடம் தொழில் பழகினார், முதற் சம்பளம் எப்போது கைக்கு வந்தது, 1958இலும் 1977இலும் 1983இலும் அக்கடைக்கு என்ன நடந்தது, அப்போது கதவைத் தட்டியவர் யார், ஒளித்து வைத்தவர் யார் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். சிங்களப் பாடசாலையின் ஆசிரியரும் தம் மாணவரை அதே கடைக்கு அனுப்பட்டும். இரண்டு கொப்பிகளையும் பின்னர் ஒரு மேசையில் வைத்து ஒப்பிடுவோம். கேட்பதற்கு ஆளில்லாத காலம் விரைவில் வரும். 1958ஐக் கண்ணால் கண்டவர்கள் இன்று எழுபதைத் தாண்டியவர்கள்.

சில வாரங்களின் முன் அந்த மாணவி தன் பாட்டியாரை எமது வீட்டுக்கு அழைத்து வந்தாள். முதியவள் கொப்பிகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, 'சந்தி வீட்டு ஆச்சி' என்ற பக்கத்தில் விரலை வைத்தாள். அது அவளுடைய பக்கம். நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய், கோடு இல்லை. "அந்த மனுசன் கேக்கவே இல்லை" என்று சொல்லி, சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். பணத்தை நாம் வாங்கவில்லை. அவருடைய மகனின் முகவரியை எழுதிக் கொடுத்தோம்.